எல்லைக்கோட்டில் நிற்பவர்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் எனக்கு ஒதுக்கப்பட்ட தலைப்பு 'நடுவுநிலைமை'. தமிழ்ப் பேராசிரியர் ஒருவரிடம் இத்தலைப்பைக் கொடுத்தால் அவர் திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, பத்துக் குறளுக்கும் உரை சொல்லி, பரிமேலழகரிடம் சற்று இளைப்பாறி, உங்களை உணவுக்கு அனுப்பிவைப்பார் என்பது நீங்கள் அறிந்ததே. நான் இன்று உங்களை ஓடுதளத்தின் ஓரத்திற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். நடுவுநிலைமை என்னும் பண்பை நான் புத்தகத்தில் படித்தேன். அதன் நடைமுறையைக் கையில் ஒரு நிறுத்துக் கடிகாரத்தோடு வெயிலில் நின்றுதான் கற்றேன்.

கல்லூரிகளின் விளையாட்டு விழாவில் தமிழாசிரியர்களுக்குக் காலங்காலமாக ஒரே பணிதான். ஒலிபெருக்கியைக் கையில் தந்து, "அம்மா, வர்ணனையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். ஓடுகிற பிள்ளைகளைப் புள்ளிமான் என்றும் சிறுத்தை என்றும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டிலேயே எனக்கு அந்த உவமைகள் அலுத்துவிட்டன. எங்கள் உடற்கல்வி இயக்குநரிடம் சென்று, "எனக்கு ஒரு கடிகாரம் கொடுங்கள்" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே விதிப்புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தார். அன்றிலிருந்து 18 ஆண்டுகளாகக் கல்லூரிகளுக்கிடையிலான தடகளப் போட்டிகளில் நேரக் கணிப்பாளராகவும், சில ஆண்டுகள் முடிவிட நடுவராகவும் பணியாற்றி வருகிறேன்.

பெரும் போட்டிகளில் மின்கருவிகள் வந்துவிட்டன. கல்லூரித் திடல்களில் இன்றும் கைக்கடிகாரந்தான் பெரிதும் ஆள்கிறது. அப்பணி வெளிப்பார்வைக்கு எளியது. துப்பாக்கி வெடித்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். ஓடுபவர் கோட்டைத் தொட்டதும் மீண்டும் அழுத்த வேண்டும். ஆனால் வெடியொலி காதில் விழுந்த பின் அழுத்தினால் கணக்குத் தவறிவிடும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வது. நூறு மீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்கு அது வந்து சேர 0.3 நொடி ஆகிறது. நூறு மீட்டர் ஓட்டத்தில் 0.3 நொடி என்பது முதல் பரிசுக்கும் ஐந்தாம் இடத்துக்கும் உள்ள இடைவெளியாகக்கூட இருக்கலாம். ஆகவே நேரக் கணிப்பாளர் வெடியின் புகையையோ சுடரையோ கண்டு அழுத்த வேண்டும். காதை நம்பாதே, கண்ணை நம்பு என்பது முதற்பாடம்.

இரண்டாம் பாடம் முடிவிடத்தில். ஓடுபவரின் நீட்டிய கை முதலில் எல்லையைத் தொட்டால் அது கணக்கில் சேராது. தலை முந்தினாலும் சேராது, காலும் சேராது. உடலின் நடுப்பகுதி, அதாவது கழுத்துக்குக் கீழே இடுப்பு வரையுள்ள பகுதி, எல்லைக்கோட்டின் முன்விளிம்புக்கு மேலே வந்த கணமே கணம். கையும் தலையும் எத்தனை முன்னால் நீண்டாலும் நெஞ்சு வந்து சேர்ந்ததா என்றே விதி கேட்கிறது. இதைப் படித்தபோது, கவிதைப் போட்டிகளில் நான் வாசித்த பல கவிதைகள் நினைவுக்கு வந்து போயின என்பதை இங்கு மறைக்கத் தேவையில்லை.

பொழுதை அளப்போர் நம் இலக்கியத்திற்குப் புதியவர் அல்லர். நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் பாசறைக் காட்சி வருகிறது. அங்கே நீர் கசியும் நாழிகை வட்டிலைப் பார்த்திருந்து, இரவில் இத்தனை நாழிகை சென்றது என்று அரசனுக்கு அறிவிக்கும் மாந்தரைப் புலவர் காட்டுகிறார். அவர்களைப் பொய்யாதவர் என்னும் அடைமொழியோடு அவர் குறிப்பிடுவது எண்ணத்தக்கது. பாசறையில் வாளேந்தியோர் உண்டு, வில்லேந்தியோர் உண்டு. பொய்யாமை என்னும் சிறப்பு மட்டும் நேரம் பார்ப்பவனுக்குச் சென்று சேர்கிறது. எனினும் ஒன்று உண்டு. அவர்கள் கைகூப்பித் தொழுது, அரசனை வாழ்த்திய பிறகே நேரத்தைச் சொல்கிறார்கள். நாழிகை பொய்யாது, சொல்பவன் குனிந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைய விதிப்புத்தகம் அந்தக் குனிவை நீக்கியிருக்கிறது.

எப்படி என்கிறீர்களா? முதலாவதாக வருபவரின் நேரத்தை மூவர் தனித்தனியே கணிக்க வேண்டும். ஒருவர் கடிகாரத்தை மற்றவருக்குக் காட்டக் கூடாது. கலந்து பேசக் கூடாது. தாளில் எழுதி ஒப்பமிட்டுத் தலைமைக் கணிப்பாளரிடம் சேர்க்க வேண்டும். மூன்றில் இரண்டு ஒத்திருந்தால் அதுவே நேரம். மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ளதே நேரம். இரண்டே கடிகாரங்கள் இருந்து அவை வேறுபட்டால் மிகுதியான நேரத்தையே கொள்ள வேண்டும். கடிகாரம் 13.21 என்று காட்டினால் அதை 13.3 என்று ஏற்றித்தான் எழுத வேண்டும், 13.2 என்று இறக்கக் கூடாது. நீதிமன்றத்தில் ஐயத்தின் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் செல்கிறது. ஓடுதளத்தில் அது ஓடுபவருக்குச் செல்வதில்லை. ஒருவருக்குச் சலுகையாகக் கொடுத்த நேரம், நேற்று ஓடியவரிடமிருந்தும் நாளை ஓடப்போகிறவரிடமிருந்தும் பறித்ததாகிவிடும் என்பதே அதன் காரணமாக இருக்க வேண்டும்.

இவ்விதிகளை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் சான்று. ஆடவர் 100 மீட்டர் நீச்சல் இறுதிப் போட்டி. அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும் ஏறத்தாழ ஒன்றாகச் சுவரைத் தொட்டனர். லார்சனுக்கு உரிய மூன்று கடிகாரங்கள் 55.0, 55.1, 55.1 என்று காட்டின. டெவிட்டுக்கு உரிய மூன்றும் 55.2 என்றே காட்டின. முதலிடம் பார்த்த நடுவர் மூவரில் இருவர் டெவிட் முதல்வர் என்றனர். இரண்டாமிடம் பார்த்த மூவரில் இருவர் டெவிட் இரண்டாமவர் என்றனர். ஆக, கண்கள் மூன்றுக்கு மூன்று. கடிகாரங்கள் அனைத்தும் லார்சன் பக்கம். தலைமை நடுவர் தலையிட்டு டெவிட்டே வென்றார் என்றார். அவ்வாறு தீர்ப்பளிக்கும் உரிமை விதியில் அவருக்கு இல்லை என்ற வாதம் எழுந்தும் பயனில்லை. லார்சனின் நேரத்தையும் 55.2 என்று மாற்றிப் பதிந்தார்கள். அளந்ததை முடிவுக்கு ஏற்பத் திருத்தினார்கள் என்பதே எனக்கு இதில் உறுத்துவது. முடிவு தவறிப்போகலாம்; மனிதக் கண்தானே. எழுதிய எண்ணைத் திருத்தலாமா? முல்லைப்பாட்டின் பொய்யாத மாந்தர் இதைச் செய்திருக்க மாட்டார்கள். எட்டே ஆண்டுகளில், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில், நீந்துபவரின் கைபட்டதும் கடிகாரத்தைத் தானே நிறுத்தும் தொடுபலகைகள் நீச்சற்குளச் சுவரில் வந்துவிட்டன.

அதே ரோம் நகரில், அதே ஆண்டில், மில்கா சிங் 400 மீட்டரில் நான்காவதாக வந்தார். கைக்கடிகாரம் 45.6 என்றது, மின்கடிகாரம் 45.73 என்றது. ஒரே மனிதர், ஒரே ஓட்டம், இரண்டு நேரம். தொடக்கத்தில் மனித விரல் சற்றுத் தாமதிக்கிறது. முடிவிலோ ஓடுபவர் வருவதைக் கண்டு முந்திக்கொள்கிறது. அதனால் கைக்கடிகாரம் எப்போதும் சற்று இரக்கமுடையது. 1984இல் லாஸ் ஏஞ்சலிஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் வெண்கலத்தை இழந்தது நொடியில் நூறில் ஒரு பங்கால்: 55.41க்கு 55.42. பத்தில் ஒரு பங்குவரை மட்டும் அளக்கும் கைக்கடிகாரத்தில் இருவருக்கும் ஒரே நேரம் விழுந்திருக்கக்கூடும். அப்போது அந்த வெண்கலத்தை யார் கழுத்தில் அணிவிப்பது என்பதை ஒரு மனிதக் கண் முடிவு செய்திருக்கும்.

அயல்நாட்டுச் செய்திகள் போதும். நம் சாலைக்கு வருவோம். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்கு வரை திருவிழாக் காலத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் காணாத ஊர் குறைவு. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பந்தயங்கள் நின்றன. 2017இல் தமிழக அரசின் சட்டத்திருத்தத்திற்குப் பின் வண்டிகள் மீண்டும் சாலைக்கு வந்தன. 2023 மே 18 அன்று அத்திருத்தம் செல்லும் என அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் நியாயங்கள் பற்றிப் பேச இது இடமன்று. நான் பார்க்கச் செல்வது வண்டிகளை நடத்துகிறவர்களை.

கவிஞர்களே, பந்தயப் பிரிவுகளின் பெயர்களைக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு. மாட்டின் வயதையும் பல்லையும் பார்த்துப் பிரிப்பதற்கு, பறவைகளின் பெயரையும் தட்டானின் பெயரையும் சூட்டியவன் எவனோ, அவன் நம் வட்டத்தில் உறுப்பினனாக இருந்திருக்க வேண்டியவன். கொங்கு நாட்டு ரேக்ளாவில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று குறுந்தொலைவை வைத்துக் கடிகாரத்தால் நொடிக் கணக்கு எடுப்பார்கள். நம் பக்கத்தில் மைல் கணக்கு. போய்த் திரும்ப வேண்டும். யார் முந்தி வந்தார் என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். வண்டிகள் மிகுந்துவிட்டால் சீட்டுக் குலுக்கி இரண்டு பிரிவாகப் பிரித்து ஓடவிடுவார்கள். கொடியசைத்துத் தொடங்கிவைப்பவர் ஒரு பெரிய மனிதராக இருப்பார். அவர் அசைப்பது புகைப்படத்திற்காக. வண்டிகள் ஒழுங்காக நிற்கின்றனவா, எந்தச் சோடி முன்னங்கால் வைத்துத் திமிறுகிறது என்று பார்த்து உண்மையில் தொடங்கிவைப்பவர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவில் நிற்பார். படத்தில் அவர் இடம்பெறுவதில்லை. திரும்புமிடத்தில் நிற்பவரின் நிலை இன்னும் தனிமையானது. கூட்டம் முழுவதும் ஊர் எல்லையில் இருக்க, அவர் நான்கு மைல் தள்ளிக் கொடியோடு காத்திருப்பார். அங்கே கொடியை முதலில் வாங்கும் சாரதிக்குத் தனிப் பரிசு வைக்கும் ஊர்களும் உண்டு. அதற்குச் சாட்சி அவர் ஒருவரே.

எங்கள் பக்கத்துக் கிராமத்தில் முடிவிடத்தில் நெடுங்காலம் நின்ற முதியவர் ஒருவரிடம், "ஐயா, புழுதியும் கூச்சலுமாக நான்கு வண்டிகள் ஒன்றாக வரும்போது எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டேன். "மாட்டப் பாக்கக் கூடாது தாயி. மாட்டப் பாத்தா மாட்டுக்காரன் மொகம் நெனப்புக்கு வந்துரும். அவன் மச்சான் நமக்குச் சம்பந்தியா இருப்பான். கீழ போட்ட கோட்டத்தான் பாக்கணும். கோட்டுக்கு மேல எது வருதோ அது வரட்டும்" என்றார்.

ஒலிம்பிக் திடலில் முடிவைப் படமெடுக்கும் கருவி இதைத்தான் செய்கிறது என்று சொன்னால் அவர் வியப்படைவாரா என்று தெரியவில்லை. அக்கருவியின் கண் ஒரு மெல்லிய பிளவு. அது திடலைப் பார்ப்பதில்லை, ஓடுபவரைப் பார்ப்பதில்லை, எல்லைக்கோட்டின் முன்விளிம்பை மட்டும் இடைவிடாது பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த மெல்லிய கீற்றுக்குள் வந்ததை வந்த வரிசையில் அடுக்குகிறது. நாம் காணும் அந்தப் படத்தில் இடமிருந்து வலமாக இருப்பது இடமன்று, காலம். பின்னணியில் மரமில்லை, மக்களில்லை. கருவியைச் செய்தவர்களும் நம் ஊர்ப் பெரியவரும் ஒரே முடிவுக்கு வேறுவேறு வழியில் வந்திருக்கிறார்கள்.

எல்லைக்கோட்டைப் பார்க்க வந்தவர், யார் ஓடலாம் என்பதையும் தாமே முடிவு செய்யப் புறப்பட்ட வரலாறும் உண்டு. அதையும் ஒரு பெண்ணாக இங்குச் சொல்லியாக வேண்டும். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினர். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 நொடியில் உலக சாதனையோடு வென்றார். முடிவில் களைத்துச் சாய்ந்த பெண்களைக் கண்டு பத்திரிகைகள் பதறி எழுதின. பொறுப்பில் இருந்தோர் அவ்வோட்டத்தையே பெண்களுக்கு நீக்கினர். 1960 வரை அது திரும்ப வரவில்லை. ஓடி முடித்த ஆண்கள் தரையில் சாய்ந்தால் அது வீரம். பெண்கள் சாய்ந்தால் மருத்துவச் சிக்கல். 1967 ஏப்ரல் 19 அன்று பாஸ்டன் மராத்தானில் 261 என்ற எண்ணோடு ஓடிய காத்ரின் சுவிட்சரை, பந்தய அலுவலர் ஒருவர் பாதையில் பாய்ந்து பிடித்து எண்ணட்டையைக் கிழிக்க முயன்றார். அவர் ஓடியே முடித்தார். அப்பந்தயத்தில் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1972இல்தான். நம் முல்லைக்கலியிலோ பெண்கள் பரண்மேல் ஏறி நின்று ஏறு தழுவுதலைப் பார்க்கிறார்கள்; எவன் வென்றான் என்பது அவர்கள் வாழ்வையே முடிவு செய்யும். முடிவிட நடுவர்கள் ஏறி நிற்கும் படிமேடையில் நான் முதன்முறை ஏறியபோது அந்தப் பரணை நினைத்துக்கொண்டேன். அன்று கீழே நின்ற ஒருவர், "மேடம், வெயிலா இருக்கே, பரிசு மேசைக்குப் போயிடுங்களேன்" என்றார். அக்கறைதான்; ஆனால் அருகில் நின்ற ஆண் நடுவருக்கும் அதே வெயில்தான் அடித்தது.

இப்பணியின் விலை என்ன என்று கேட்டால் ஒன்றைச் சொல்வேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில், 200 மீட்டர் இறுதி ஓட்டத்தில் என் வகுப்பு மாணவி ஓடினாள். தறிவேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளை. மேற்படிப்புக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்க அவளுக்கு ஒரு முதற்பரிசுச் சான்று தேவைப்பட்டது. படக்கருவி இல்லாத திடல். அவளும் இன்னொருத்தியும் தோளோடு தோள் வந்தார்கள். இட நடுவர்கள் அவளை இரண்டாவது என்றார்கள். விதிப்படி, படம் இல்லாதபோது இட நடுவரின் முடிவே முடிவு. மாலையில் அவள் என்னிடம் வந்தாள். "மேடம், நீங்க அங்கேயேதான நின்னீங்க? நாந்தான முன்னால வந்தேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டாள். "நான் உன்னைப் பார்க்கவில்லையம்மா. கோட்டுக்கு மேல் முதலில் வந்ததற்குக் கடிகாரத்தை நிறுத்தினேன். அது யாரென்று பார்ப்பது என் வேலையாக இல்லை" என்றேன். அது முழு உண்மை. முழு உண்மை ஆறுதலாக இருப்பதில்லை. அந்தப் பருவம் முழுவதும் அவள் என் வகுப்பில் கடைசி வரிசையில் போய் அமர்ந்துகொண்டாள். நானும் அவளை முன்னால் வரச் சொல்லவில்லை.

இனி நம் வட்டத்தின் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். பத்தாண்டுகளாகக் கவிதைப் போட்டி நடத்தி வருகிறோம். அதையொட்டிப் பத்தாண்டுகளாக மனத்தாங்கல்களும் நடந்து வருகின்றன. சென்ற சில ஆண்டுகளில் நல்ல கவிஞர்கள் இருவர் வருவதை நிறுத்திக்கொண்டதை நீங்களும் அறிவீர்கள். அவர்கள் பக்கமும் நடுவர்கள் பக்கமும் கேட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்: யாரும் அநீதி செய்ய எண்ணவில்லை. மாட்டைப் பார்த்தோம், மாட்டுக்காரர் முகம் நினைவுக்கு வந்தது. சிறிய ஊர் இது. பெயரை மறைத்தாலும் கையெழுத்தே ஆளைச் சொல்லிவிடுகிறது. மூன்று நடுவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து தேநீர் அருந்தியபடி, வயதில் மூத்தவர் ஒரு கவிதையைப் புகழ்ந்த பிறகு மற்ற இருவரும் மதிப்பெண் போடுகிறோம். மூன்று கடிகாரங்களையும் ஒன்றாகக் கட்டிவைத்து ஒருவர் விரலால் அழுத்துவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கவிதைக்கு எல்லைக்கோடு ஏது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. உண்மைதான், கவிதைக்குச் சுண்ணாம்புக் கோடு போட முடியாது. கவிதையைக் கடிகாரம் அளக்காது. அதனால்தான் அளப்பவர்கள் தனித்தனியே நிற்பது இங்கு இன்னும் தேவைப்படுகிறது. திடலில் கண் ஏமாந்தால் கருவி திருத்தலாம். இங்கே திருத்துவதற்கு இன்னொரு நடுவரின் தனிக் கண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை.

எனவே வரும் ஆண்டுக்கு இதைப் பொறுப்பாளர்கள் முன் வைக்கிறேன். கவிதைகளை ஒருவர் தட்டச்சு செய்து எண் மட்டும் இடட்டும். அவர் நடுவராக இருத்தல் ஆகாது. மூன்று நடுவர்களும் தத்தம் வீட்டில் படித்து, மதிப்பெண்ணைத் தாளில் எழுதி ஒப்பமிட்டு, உறையில் இட்டுச் செயலாளரிடம் சேர்க்கட்டும். உறை திறக்கும்வரை பேச வேண்டா. திறந்த பின் எண்ணைத் திருத்த வேண்டா. பிறகு விடிய விடியப் பேசலாம். மூன்று மதிப்பெண்களையும் கூட்டிச் சராசரி எடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஒரு கவிதைக்கு 90, 60, 58 என்று வருகிறது. இன்னொன்றுக்கு 66, 65, 64. சராசரி எடுத்தால் முதற்கவிதை 69ஐத் தாண்டி முந்திவிடும். அதை முந்தவைத்தவர் ஒரே ஒருவர். நடு எண்ணை எடுத்தால் 60க்கு 65. மூவரும் ஏற்ற கவிதை நிற்கும். நடுவர் என்ற சொல்லுக்குள்ளேயே 'நடு' இருப்பதை இதுகாறும் நாம் கணக்கில் கொள்ளவில்லை.

மூத்த கவிஞர்கள் கோபிக்க மாட்டார்கள் என்றால் இன்னொன்று. மோட்டார் பந்தயங்களில் பாதையோர அலுவலர் நீலக் கொடி காட்டினால், பின்னால் வேகமானவர் வருகிறார், வழிவிடுக என்று பொருள். நம் போட்டியில் பத்தாண்டுகளாகப் பரிசு பெற்று வருவோர் சிலர் இவ்வரங்கில் இருக்கிறார்கள். அவர்களை அடுத்த ஆண்டு முதல் நடுவர் பட்டியலுக்கு மாற்றிவிடலாம். அவர்கள் கையில் கொடுக்க மூன்று உறைகளையும் மதிப்பெண் தாள்களையும் இன்றே கொண்டுவந்திருக்கிறேன். செயலாளர் அவர்கள் பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.